மயிரிழையை அளந்த மேதை

1860-ம் ஆண்டு ஜூலை மாதம் 2-ந் தேதி.

இங்கிலாந்து நாட்டில், லண்டன் நகரை அடுத்த விம்பிள்டன் திடலில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. இன்று டென்னிஸ் ஆட்டத்துக்குப் பேர் போன அதே விம்பிள்டன்தான். தேசிய ரைபிள் சங்கத்தின் முதலாவது துப்பாக்கி சுடும் போட்டி அன்று அங்கே தொடங்க இருந்தது.

தொடங்கி வைக்க விக்டோரியா ராணியே வந்தார்.

இரும்புத் தாங்கி ஒன்றின் மீது ஒரு துப்பாக்கி அசையாமல் வைக்கப்பட்டிருந்தது. அதன் விசையில் ஒரு பட்டுக் கயிறு கட்டியிருந்தது. 400 கெஜ தூரத்தில் குறிப்பலகை நின்றது.

ராணி கயிற்றை இழுத்தார். துப்பாக்கி வெடித்தது.

குறியின் நட்டநடுவில் இருந்து ஒண்ணேகால் அங்குலம் தள்ளிக் குண்டு பாய்ந்திருந்தது! கூட்டம் ஆரவாரம் செய்தது.

ராணி குறி பார்க்கவில்லை. கயிற்றை இழுத்ததோடு சரி. அந்தக் குண்டைக் குறியில் கொண்டுபோய்ச் சேர்த்தது, துப்பாக்கியைச் செய்தவரின் கைத்திறன்.

அவர் பெயர், ஜோசப் விட்வொர்த்.

தீராத கேள்வி

துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்களிடையே இன்றும் தீராத வழக்கு ஒன்று உண்டு.

அவர்களில் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவது இல்லை. தாங்களே தயாரிக்கிறார்கள். மருந்தைத் தட்டான் பொன் நிறுப்பதுபோல நிறுத்துப் போடுகிறார்கள். குண்டை ஒன்றுக்கொன்று ஒத்திட்டுப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். குண்டு உறையில் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பதைக்கூட மயிரிழை சுத்தமாக அளக்கிறார்கள்.

இந்தப் பாட்டுக்கெல்லாம் பலன் உண்டா? அல்லது வீண் வேலையா?

விட்வொர்த்தின் வாழ்க்கைக் கதையில் இதற்கு விடை இருக்கிறது.

தாயை இழந்த பையன்

விட்வொர்த், 1803-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி, இங்கிலாந்தில் உள்ள ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார்.

பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது தாயார் காலமாகிவிட்டார். தகப்பனாரோ மத போதகர் ஆவதற்குப் படிக்கப் போனார். குடும்பம் சிதறியது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள்.

14-வது வயதில் விட்வொர்த்தை அவருடைய மாமா அழைத்துக்கொண்டார். மாமா ஒரு பஞ்சாலை நடத்தி வந்தார். பையனைப் பழக்கி, பின்னால் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

ஆனால் பையனின் மனம் பஞ்சிலும் நூலிலும் ஓடவில்லை. எந்திரத்தில் ஓடியது. ஆலையில் இருந்த எந்திரம் ஒவ்வொன்றையும் கரைத்துக் குடித்தார். ஒன்றுகூடச் சுத்தமாகச் செய்யப்படவில்லை என்பதையும் கண்டுகொண்டார்.

நாலு வருஷம் கழித்து, காத்திருந்த பங்கை உதறிவிட்டு மாஞ்செஸ்டருக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே ஒரு பட்டறையில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். 1825-ல் கலியாணம் செய்துகொண்டு லண்டனுக்குப் போனார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த எந்திரத் தச்சரான ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது.

மூன்றாவது தகடு

எந்திரம் செய்வதற்கு முதல் தேவை, மேடு பள்ளம் இல்லாத ஓர் இரும்புத் தகடு. அது சமமாக இருந்தால்தான் அதன் மேல் வைத்து மற்றச் சாமான்களைச் சரிபார்க்க முடியும்.

அப்போது எல்லோரும் இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சமப்படுத்தினார்கள். அதில் ஒரு மோசம் உண்டு. ஒரு தகடு லேசாகக் குழிந்து, இன்னொன்று லேசாக உப்பியிருந்தாலும், சட்டியும் மூடியும்போல இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர் சமமாக இருக்கிறது என்றே நினைப்பார்.

விட்வொர்த் மூன்று தகடு எடுத்தார். முதலாவதை இரண்டாவதோடு ஒத்திட்டார். இரண்டாவதை மூன்றாவதோடு ஒத்திட்டார். பிறகு மூன்றாவதை முதலாவதோடு ஒத்திட்டார். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமானால், மூன்றும் உண்மையிலேயே சமமாக இருந்துதான் தீர வேண்டும். எங்கே உயர்ந்திருக்கிறதோ அங்கே மட்டும் உளியால் மெல்லச் சுரண்டி எடுத்தார். பட்டறையில் வேலை முடிந்த பிறகு, சொந்த நேரத்தில் செய்த வேலை இது.

1833-ல் மாஞ்செஸ்டருக்குத் திரும்பி, வாடகை இடத்தில் சொந்தப் பட்டறை வைத்தார். லண்டனில் இருந்து வந்த கருவித் தச்சர் என்று பலகை மாட்டினார். தொழில் பெருகியது.

அந்த நாளில் ஒரு பட்டறையின் திருகாணி இன்னொரு பட்டறையின் மரைக்குப் பொருந்தாது. 1841-ல், நாடு முழுவதும் திருகாணிகளுக்கு ஒரே அளவு வேண்டும் என்று விட்வொர்த் திட்டம் வகுத்துக் கொடுத்தார். அந்த அளவுக்கு அவர் பெயரே வந்தது.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு

1851-ல் லண்டனில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அதில் விட்வொர்த் ஓர் அளவுக் கருவியை வைத்தார். அது ஓர் அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் காட்டியது.

ஒரு தலைமயிரை நீளவாக்கில் ஆயிரம் கூறு போடுங்கள். அதில் ஒரு கூறின் கனம்கூட இந்த அளவைவிட அதிகமாகவே இருக்கும்!

மூன்று அடி நீளமுள்ள இரும்புக் கம்பியில் விரலை வைத்தால் போதும். விரலின் சூட்டில் கம்பி நீளுவதைக் கருவி காட்டிவிடும்.

இத்தகைய மனிதரிடம் இங்கிலாந்து அரசாங்கம் 1854-ல் ஒரு வேலையோடு வந்தது.

500 கெஜக் கூடம்

அப்போது பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஹார்டிஞ்ச் பிரபு. முன்பு இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர்தான். ராணுவத்துக்கு என்பீல்டு என்ற துப்பாக்கி ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தது. அதைச் செய்ய எந்திரங்கள் தேவைப்பட்டன.

விட்வொர்த் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. குண்டு ஏன் நேரே போகிறது, ஏன் விலகுகிறது என்று முதலில் தெரிய வேண்டும் என்றார். அது தெரியாமல் எந்திரம் செய்வது எப்படி?

அரசாங்கம் செலவை ஏற்றது. மாஞ்செஸ்டரில் அவர் வீட்டுத் தோட்டத்தில் 500 கெஜ நீளத்துக்கு ஒரு சோதனைக் கூடம் எழுந்தது. காற்று புகுந்து கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கூடம். கட்டி முடித்த சில நாளில் ஒரு புயல் வந்து அதைச் சாய்த்துவிட்டது. மறுபடியும் கட்டினார்கள். 1855-ல் சோதனை தொடங்கியது.

கூடத்தின் நெடுகிலும் மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டார். குண்டு ஒவ்வொரு திரையையும் துளைத்துக்கொண்டு போகும். துளைகளைப் பார்த்தால், குண்டு எந்தப் பாதையில் போயிற்று, எங்கே விலகியது, எங்கே தள்ளாடியது என்று தெரிந்துவிடும்.

பம்பரமும் குண்டும்

பம்பரம் வேகமாகச் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்கிறது. வேகம் குறைந்தால் தலை ஆடுகிறது. குண்டும் அப்படித்தான். அது சுழன்றுகொண்டே போனால்தான் நேராகப் போகும். அதற்காகத் துப்பாக்கிக் குழலுக்குள் புரி வெட்டியிருப்பார்கள்.

என்பீல்டு துப்பாக்கியில் புரி மிக மந்தமானது. 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

எவ்வளவு சுற்று இருந்தால் நல்லது என்று விட்வொர்த் யோசித்து முடிவு கட்டவில்லை. சுட்டே பார்த்தார். 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பலவிதக் குழல்களைச் செய்தார். ஒரே அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும் குழலைக்கூடச் செய்து பார்த்தார்! முடிவில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

குண்டின் எடையை மாற்றவில்லை. ஏறக்குறைய நாலேகால் பவுன் எடை. ஆனால் குட்டையும் தடியுமாக இருந்த குண்டை ஒல்லியாக்கி நீளமாக்கினார். ஒல்லிக் குண்டுக்குக் காற்றின் தடை குறைவு. அதனால் குழலின் அகலத்தையும் குறைத்தார். என்பீல்டில் அது அரை அங்குலத்துக்கு மேல். விட்வொர்த்தின் குழலில் அரை அங்குலத்துக்கும் குறைவு.

இன்னொரு புதுமையும் செய்தார். குழலின் துளையை வட்டமாக வைக்காமல் ஆறு பட்டையாக வெட்டினார். குண்டையும் அதற்கேற்ப ஆறு பட்டையாக முறுக்கிச் செய்தார். திருகாணி மரைக்குள் போவதுபோல, குண்டு குழலுக்குள் இம்மி இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்தது.

ஹைத் மைதானத்தில்

1857-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஹைத் என்ற ஊரில் ராணுவத் துப்பாக்கிப் பள்ளி இருந்தது. அங்கே போர் மந்திரி பான்மூர் பிரபுவின் முன்னிலையில் இரண்டு துப்பாக்கிகளும் போட்டிக்கு நின்றன.

500 கெஜத்தில் என்பீல்டு குண்டுகள் சராசரி இரண்டேகால் அடி விலகின. விட்வொர்த் குண்டுகள் நாலரை அங்குலம்கூட விலகவில்லை.

800 கெஜத்தில் என்பீல்டு 4 அடிக்கு மேல் விலகியது. விட்வொர்த் ஒரே ஓர் அடி.

1,100 கெஜத்தில் என்பீல்டு 8 அடி. விட்வொர்த் 2 அடி 8 அங்குலத்துக்கும் குறைவு.

1,400 கெஜத்தில் என்பீல்டு குண்டுகளின் விலகலை அளக்கவே முடியவில்லை!

இந்த என்பீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாதான், அதே 1857-ல் இந்தியச் சிப்பாய்கள் கொதித்து எழுந்ததற்கு ஒரு காரணமாக இருந்தது.

வெற்றிக்குப் பின் தோல்வி

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு ராணுவம் என்ன செய்தது?

விட்வொர்த் துப்பாக்கி வேண்டாம் என்றது!

காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்து வெடிமருந்து ஏராளமாகக் கரி கக்கும். சில தடவை சுட்டதும் குழலுக்குள் கரி படிந்துவிடும். இம்மி இடைவெளி இல்லாத குழல் அல்லவா? அடுத்த குண்டு உள்ளே இறங்க மறுத்தது.

பந்தயத்தில் சுடுகிறவர், ஒவ்வொரு தடவையும் நிதானமாகக் குழலைத் துடைக்கலாம். எதிரி பாய்ந்து வரும்போது சிப்பாய் துடைத்துக்கொண்டிருக்க முடியுமா? விலையும் மிக அதிகம். துளையும் மிகச் சிறியது என்றார்கள்.

எந்தச் சுத்தம் பந்தயத்தில் அவரை வெற்றிபெற வைத்ததோ, அதே சுத்தம் போர்க்களத்தில் அவரைத் தோற்கடித்தது.

பந்தயக்காரர்கள் அவரைக் கைவிடவில்லை. ராணி தொடங்கி வைத்த விம்பிள்டன் போட்டியில், ராணிப் பரிசின் கடைசிச் சுற்றுக்கு விட்வொர்த் துப்பாக்கியையே கொடுத்தார்கள். 800, 900, 1,000 கெஜம் என்று மூன்று தூரம். எட்வர்ட் ராஸ் என்ற இளைஞர் வென்று, 250 பவுன் பணமும் தங்கப் பதக்கமும் பெற்றார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படையினர் சிலர் இந்தத் துப்பாக்கியை வைத்திருந்தார்கள். 1864-ல், இவ்வளவு தூரத்தில் இருந்து யாராலும் நம்மைச் சுட முடியாது என்று தம் வீரர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்த செட்ஜ்விக் என்ற வடபகுதித் தளபதி, அடுத்த கணமே குண்டு பாய்ந்து இறந்தார். அது விட்வொர்த் குண்டு என்று சொல்லப்படுகிறது.

உருளைக் குண்டு சொன்ன பாடம்

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை.

ஆறு பட்டைக் குண்டு செய்வது கஷ்டம். சிலர் சாதாரண உருளைக் குண்டையே விட்வொர்த் குழலில் போட்டுச் சுட்டார்கள். அதுவும் நேராகப் போய்க் குறியில் தைத்தது! ஈயம் மெல்லிய உலோகம். மருந்து வெடிக்கும் வேகத்தில் அது தானாகவே விரிந்து, ஆறு பட்டைக்கும் பொருந்திக்கொண்டது.

வில்லியம் மெட்போர்டு என்ற இன்னொரு எந்திர நிபுணர் மேலும் ஒரு படி போனார். ஆறு பட்டைத் துளையே வேண்டாம் என்றார். வட்டத் துளையில் ஆழமில்லாத புரி வெட்டி, கொஞ்சம் கெட்டியான குண்டைக் காகிதம் சுற்றிப் போட்டார். 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெடுந்தூரப் பந்தயங்களில் மெட்போர்டு துப்பாக்கி முன்னுக்கு வந்தது.

அப்படியானால் விட்வொர்த் பட்ட பாடு வீணா?

இல்லை. ஒல்லிக் குண்டும், சிறிய குழலும், விரைவான சுழற்சியும் நிலைத்து நின்றன. 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி ஹென்றி என்ற புதுத் துப்பாக்கியை ஏற்றது. அதன் குழலின் அகலம் ஏறக்குறைய விட்வொர்த் சொன்ன அளவுதான். மிகச் சிறியது என்று முன்பு தள்ளிய அதே அளவு! 1888-ல் வந்த லீ மெட்போர்டு துப்பாக்கியின் குழல் அதைவிடவும் சிறியது.

விட்வொர்த் செய்த மாறுதல்களில் சில, குண்டை நேராக அனுப்பின. ஒன்று, பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அது இல்லாமலும் காரியம் நடந்தது. எது எது என்று பிரித்துக் காட்டியது, குறிப்பலகைதான்.

மூன்று புள்ளி

1874-ல் அமெரிக்காவில், நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் திடலில் ஒரு பெரும் பந்தயம் நடந்தது. அயர்லாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் மோதினார்கள். பக்கத்துக்கு 6 பேர்.

அயர்லாந்துக்காரர்கள் குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுச் சுட்டார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் மருந்தை நிறுத்தே எடுத்து வைத்திருந்தார்கள்.

முடிவில் அமெரிக்கர்களுக்கு 934 புள்ளி. அயர்லாந்துக்கு 931 புள்ளி. மூன்றே புள்ளியில் தோல்வி!

அயர்லாந்து வீரர் ஒருவர் சுட்ட குண்டு ஒன்று குறியின் நட்டநடுவில் பாய்ந்திருந்தது. ஆனால் அது பக்கத்துப் பலகையின் குறி! தம் பலகை என்று நினைத்து மாற்றிச் சுட்டுவிட்டார். அதற்குப் புள்ளி கிடையாது. சரியான பலகையில் பட்டிருந்தால் 4 புள்ளி கிடைத்திருக்கும். அயர்லாந்து ஒரு புள்ளியில் வென்றிருக்கும்.

மருந்தில் குறை இல்லை. குண்டில் குறை இல்லை. பார்வையில் ஒரு கணம் தவறு. அவ்வளவுதான்.

ஏழைப் பிள்ளைகளுக்குப் பணம்

பீரங்கி செய்வதிலும் விட்வொர்த் ஈடுபட்டார். அதிலும் அரசாங்கம் போட்டியாளரையே ஆதரித்தது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. உருக்கிய எஃகைப் பெரும் அழுத்தத்தில் இறுக்கி உறுதியாக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

1868-ல், எந்திரக் கல்வி கற்கும் இளைஞர்கள் 30 பேருக்கு ஆளுக்கு 100 பவுன் வீதம், ஆண்டுக்கு 3,000 பவுன் உதவித் தொகை ஏற்படுத்தினார். கைவேலையும் தெரிய வேண்டும், படிப்பும் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. பட்டறையில் கூலி வேலை பார்த்த நாளை அவர் மறக்கவில்லை. மறு ஆண்டு அவருக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது.

1887-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி, மாண்டி கார்லோவில், 83-வது வயதில் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் விட்டுச் சென்ற செல்வம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் கலைக்கும் போயிற்று. மாஞ்செஸ்டரில் உள்ள விட்வொர்த் கலைக்கூடம் இன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

விடை என்ன?

தோட்டாவைக் கையால் நுட்பமாகத் தயாரிப்பதில் பலன் உண்டா என்ற கேள்விக்கு வருவோம்.

பலன் உண்டு. ஆனால் எல்லா நுட்பத்துக்கும் அல்ல.

மருந்து கூடிக் குறைந்தால் குண்டின் வேகம் மாறும். 100 கெஜத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 1,000 கெஜத்தில் ஒரு குண்டு மேலேயும் ஒரு குண்டு கீழேயும் படும். அங்கே நிறுவையும் அளவும் உதவும். ஆனால் பக்கவாட்டில் வீசும் காற்றை எந்தத் தராசாலும் நிறுக்க முடியாது. அதைக் கணிக்கக் கண்ணும் பழக்கமும் வேண்டும்.

ஒலிம்பிக் போட்டியில் சுடும் சிறு துப்பாக்கியின் தோட்டாவைக் கையால் நிரப்பவே முடியாது. அது ஆலையில் இருந்தே வருகிறது. அதற்காக வீரர்கள் சும்மா இருந்துவிடுவது இல்லை. துப்பாக்கியைத் தாங்கியில் இறுக்கி, பல தொகுதித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துப்போவதை வாங்குகிறார்கள். விட்வொர்த்தின் காகிதத் திரையும் இதைத்தான் செய்தது.

ஒரு மாறுதல் செய்தால், மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு சுட்டுப் பார்க்க வேண்டும். மூன்று வேட்டு ஒன்றாக விழுந்துவிட்டால் போதாது. அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். இரண்டு தகடு ஒட்டினால் அது சமம் என்று நம்பிவிடக் கூடாது அல்லவா? அதுபோலத்தான். பலமுறை சுட்ட பிறகும் பலகை நல்ல பதில் சொன்னால், அந்த நுட்பத்தை வைத்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டால், தராசை மூடி வைத்துவிட்டுத் திடலுக்குப் போய்ப் பழகுவதே மேல்.

மயிரிழையை ஆயிரம் கூறாக அளக்கத் தெரிந்த விட்வொர்த், தம் குண்டை மட்டும் கருவியால் அளந்து திருப்தி அடையவில்லை. சுட்டுப் பார்த்தே முடிவு செய்தார்.